களை என்று கடந்தவை: இந்தியாவின் வழியோரப் பூக்களும் அவற்றைப் பார்த்த கண்களும்

1955ஆம் ஆண்டில், பூனா நகரத்துக் குப்பைமேடுகளின் மீது வளர்ந்திருந்த ஒரு செடி தாவரவியலாளர் ஆர். எஸ். ராவின் கண்ணில் பட்டது. கேரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலைகள். கிளைநுனிகளில் கொத்துக்கொத்தாகச் சிறிய வெண்ணிறப் பூத்தலைகள். அவ்வழியே நடந்த நகரத்தாருக்கு அது வெறும் களை. ராவுக்கோ அது அங்கே இருந்திருக்கக்கூடாத ஒன்று. அடுத்த ஆண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில், இந்தியாவுக்குப் புதிய வரவு என அதனை அவர் பதிவு செய்தார். இன்று பார்த்தீனியம் என்ற பெயரை அறியாத உழவர் அரியர். தோல் ஒவ்வாமைக்கும் மூச்சிரைப்புக்கும் காரணமாகி, நாட்டின் பெரும்பகுதியில் தரிசு நிலங்களையும் சாலையோரங்களையும் மூடிவிட்ட செடி அது. அதைக் கட்டுப்படுத்த 1984இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தையே தருவிக்க வேண்டியிருந்தது.

இந்நிகழ்வில் நின்று நோக்கத்தக்கது ராவின் கண். குப்பைமேட்டில் வழக்கமாக எவை முளைக்கும் என்பதை முழுமையாக அறிந்த ஒருவருக்கே, அங்கு முளைத்த அயலானை அடையாளம் காண இயலும். ஊராரை அறியாதவர் வந்தேறியை அறியார். வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் இடையே பூக்கும் எளிய பூக்களைப் பெயரிட்டு அறிதல் பொழுதுபோக்கு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியத் தாவரவியல் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அது ஓர் அடிப்படை அறிவுச்செயல் என்பது புலனாகும். அரியவற்றைப் பதிவு செய்ய எக்காலத்திலும் ஆள் உண்டு. எளியவை எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையினாலேயே பதிவு பெறாமல் போகின்றன. மாறிய பிறகு, அவை முன்பு எப்படி இருந்தன என்பதைச் சொல்லச் சான்று இருப்பதில்லை.

வாசற்படியில் தொடங்கிய மரபு

வழியோரப் பூவைக் கொண்டாடும் வழக்கம் ஐரோப்பியத் தாவரவியலோடு இந்நாட்டுக்கு வந்ததன்று. உத்தராகண்டின் மலையூர்களில் சித்திரை மாதப் பிறப்பான மார்ச் நடுப்பகுதியில் 'பூல் தேயி' என்னும் விழா நிகழ்கிறது. விடியலில் எழும் சிறுவர் சிறுமியர், பாறை இடுக்குகளிலும் வயல் வரப்புகளிலும் பூத்திருக்கும் மஞ்சள்நிறப் 'ப்யோலி' முதலான காட்டுப்பூக்களைப் பறித்து வந்து ஒவ்வொரு வீட்டின் வாசற்படியிலும் இடுகின்றனர். வீட்டார் அரிசியும் வெல்லமும் தந்து அனுப்புகின்றனர். தன் ஊரில் அந்தப் பருவத்தில் எது, எங்கே பூக்கிறது என்பதைக் குழந்தை தானாகத் தேடி அறிய வேண்டும் என்பதே இவ்விழாவின் உள்ளீடு.

கேரளத்தில் மார்கழித் திருவாதிரையன்று பெண்கள் சூடும் தசபுஷ்பங்கள் பத்தும் கடையில் கிடைக்கும் மலர்கள் அல்ல. அருகம்புல், சிறுபீளை, விஷ்ணுகிரந்தி, பூவாங்குறுந்தல், முயல்செவியன், முக்குற்றி, முடக்கொத்தான், நிலப்பனை, கரிசாலை, திருதாளி என அத்தனையும் முற்றத்திலும் வேலியோரத்திலும் மிதிபடும் பூண்டுகளே. தெலங்கானாவின் பதுக்கம்மா விழாவில் அடுக்கடுக்காகக் கோபுரம்போல் கட்டப்படும் பூக்களில் முதன்மையானவை 'தங்கேடு', 'குனுகு' என்னும் இரண்டு. முன்னது தமிழர் ஆவாரை என்றழைக்கும் புதர்ச்செடி. பின்னது புன்செய்ப் பயிர்களுக்கிடையே களையாக முளைக்கும் பண்ணைக்கீரை. கொங்கு நாட்டில் பொங்கலையொட்டிக் கூரையிலும் வயலிலும் கட்டப்படும் காப்பில் வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இடம்பெறுகின்றன. அந்தப் பூளைதான் மலையாளத்தில் 'செறூள' என்னும் பெயரில் தசபுஷ்பங்களுள் ஒன்றாகிறது. மலைத்தொடருக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே களைச்செடி இருவேறு சடங்குகளில் காப்புப் பொருளாக நிற்கிறது.

தமிழ் இலக்கிய மரபிலும் இதற்கு ஆழமான வேர் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை நிரல்படுத்துகிறது; அவற்றுள் காந்தளும் குறிஞ்சியும் மட்டுமல்லாமல் தும்பையும் உண்டு. நேருக்கு நேர் பொரும் போரைப் பாடும் புறத்திணைக்குப் பெயர் தந்தது, மழைக்குப்பின் தரிசெங்கும் முளைக்கும் அதே தும்பைதான். மதில் முற்றுகைக்குரிய திணையின் பெயரான உழிஞை முடக்கொத்தானே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஒரு செடி பயனுடையதா, அழகுடையதா என்று ஆராய்வதற்கு முன்பே, அது எங்கே, எப்போது பூக்கிறது என்ற அறிவு சமூகத்தின் பொதுச்சொத்தாக இருந்ததற்கு இவை சான்று. அந்த அறிவை இன்றும் சுமந்து நிற்பவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பதும் கருதத்தக்கது. எழுத்தில் பதிவான தாவரவியலில் அவர்கள் பெயரைக் காண்பது அரிது.

பன்னிரண்டு தொகுதிகளில் ஒரு வேலியோரம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியை ஆண்ட டச்சு ஆளுநர் ஹென்ரிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 740 தாவரங்களை விவரிக்கும் இந்நூல் மிளகையும் பலாவையும் தென்னையையும் பேசியதோடு நிற்கவில்லை. பிந்தைய தொகுதிகள் பூண்டுகளுக்கும் கொடிகளுக்கும் உரியவை. தசபுஷ்பங்களில் பலவும், முயல்செவியனும் செறூளயும் உழிஞையும் விஷ்ணுகிரந்தியும் உட்பட, தத்தம் மலையாளப் பெயர்களோடே அங்கு முழுப்பக்கச் செப்புத்தகட்டுப் படங்களாக நிற்கின்றன.

ஐரோப்பிய வணிகக் கம்பெனி ஒன்றின் நூலில் மிதிபடு பூண்டுகளுக்கு இத்தனை இடம் கிடைத்ததன் காரணம், அந்நூலின் கண்கள் உள்ளூர்க் கண்களாக இருந்தமையே. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் செடிகளை இனங்காட்டி அவற்றின் பெயர்களையும் குணங்களையும் உரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி அறிஞர்கள் துணை நின்றனர். அவர்தம் சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டுள்ளன. மருத்துவனுக்குக் களை என்று ஒன்று இல்லை. பயன் அறியப்படாத செடியே உண்டு. அந்தப் பார்வைதான் மலபாரின் வேலியோரத்தை ஐரோப்பாவின் நூலகங்களுக்குக் கொண்டு சென்றது. 1753இல் லின்னேயஸ் இருசொற் பெயரீட்டை நிலைநிறுத்தியபோது, இந்தியச் செடிகள் பலவற்றுக்கு அவர் சான்று காட்டியது ரீடின் படங்களையே. கே. எஸ். மணிலாலின் பல்லாண்டு உழைப்பினால் இந்நூல் 2003இல் ஆங்கிலத்திலும், 2008இல் அது பிறந்த மண்ணின் மொழியான மலையாளத்திலும் வெளிவந்தது.

இன்றைய வாசகருக்கு இந்நூல் மற்றொரு வகையிலும் பயன்படுகிறது. இன்று கேரளத்துச் சாலையோரம் எதிலும் தவறாது காணக்கிடைக்கும் உண்ணிச்செடிக்கும், சுவர் இடுக்குகளில் மஞ்சள் நடுவும் வெண்ணிற இதழ்களுமாய்ப் பூக்கும் வெட்டுக்காயப்பூண்டுக்கும் அதில் இடமில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியவை; அவை இங்கு பரவியது பின்னரே. முந்திரியைப் போன்ற சில அமெரிக்கச் செடிகளோ, போர்த்துகீசியர் வழியாக முன்பே வந்து சேர்ந்துவிட்டபடியால், ரீடின் நூலில் இடம்பெற்றுவிட்டன. 'நம் ஊர்ப் பூ' என்று பெயரன் நினைப்பது, பாட்டன் காணாத பூவாகவும் இருக்கலாம். இதனை அறிய உதவுவது, தன் காலத்து எளிய செடிகளையும் பொருட்படுத்தி வரைந்து வைத்த ஒரு நூல்தான்.

பெயர் அறியாத தூரிகைகள்

அடுத்த நூற்றாண்டில் இப்பணி கிழக்குக் கடற்கரைக்கு நகர்ந்தது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரோடு பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க், கோதாவரிக் கழிமுகத்தை ஒட்டிய சாமல்கோட்டையில் பணியாற்றியபோது இந்திய ஓவியரை அமர்த்திச் சுற்றுப்புறச் செடிகளை வரையச் செய்தார். 1793இல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற பிறகும் அப்பணி தொடர்ந்தது. அவ்வாறு உருவான வண்ண ஓவியங்கள் 2,500க்கும் மேற்பட்டவை. அவற்றுள் 300 மட்டுமே சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலில் அச்சேறின. செடிகளின் தெலுங்குப் பெயர்களை ராக்ஸ்பர்க் அக்கறையோடு குறித்தார். வரைந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் கிடைக்கவில்லை.

1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர் இருவர் அடுத்தடுத்து அவருக்காகப் பணியாற்றினர். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' தொகுதிகளில் 2,101 கல்லச்சுப் படங்கள் உள்ளன. அவற்றில் ஓவியரின் பெயரும் பொறிக்கப்பட்டது. கோவிந்துவின் நினைவாக ஒரு பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று வைட் பெயரிட்டார். பேரினம் பின்னர் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டாலும், இந்திய ஓவியர் ஒருவருக்கு அந்நாளில் கிடைத்த அரிய சிறப்பு அது. எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டியின் ஆய்வுகளே இவ்விருவரையும் இன்றைய வாசகருக்கு மீட்டுத் தந்தன.

அந்த ஓவியங்களைப் பார்ப்பவர் முதலில் காண்பது அழகு. அடுத்துக் காண்பது ஒழுங்கு. முழுச்செடி ஒருபுறம், அதன் அடியில் பிரித்துக் காட்டப்பட்ட புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகத்தின் குறுக்குவெட்டு, விதை. ஓவியர் ஒரு கணத்தைப் பிடிக்கவில்லை. மொட்டு, மலர், காய் என ஒரு செடியின் பல நாட்களை ஒரே தாளில் ஒன்று சேர்த்தார்.

1840களில் சிமோகாப் பகுதியில் மருத்துவராக இருந்த ஹியூ கிளெகார்ன் மேற்கொண்ட பழக்கம், வீட்டருகே பூப்பவற்றை அறிய விழையும் எவருக்கும் பாடம். நாளொன்றுக்கு ஒரு செடி, அதற்குக் கால்மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு அவர் பயின்றார். மராத்திய ஓவியர் ஒருவர் அச்செடிகளை வரைந்தார். எளிய வழியோரச் செடிகள் நிறைந்த அத்தொகுப்பு இன்று எடின்பரோவில் பாதுகாக்கப்படுகிறது. ஓவியரின் பெயர் மட்டும் அதில் இல்லை. இந்திய வேலிச்செடிகளைப் பற்றி 1850இல் தனிக்கட்டுரையே எழுதியவர் கிளெகார்ன். பின்னாளில் சென்னை மாகாண வனத்துறையை உருவாக்கி, காடழிவைப் பற்றி எச்சரித்தவரும் அவரே. பெருங்காடுகளைப் பற்றிப் பேசிய குரல், அன்றாடம் ஒரு செடி என்ற சிறு பயிற்சியில் பழகிய குரல் என்பது தற்செயலன்று.

கேமரா மலையேறியது

ஒளிப்படக்கலை 1840களிலேயே இந்தியாவை எட்டிவிட்டது. ஆயினும் பூக்களைப் பதிவு செய்வதில் அது தூரிகையை நெடுங்காலம் வெல்ல முடியவில்லை. அதற்கு வேதியியல் காரணம் ஒன்றுண்டு. தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்கு உணர்வுடையவை; மஞ்சளும் சிவப்பும் அவற்றில் பதிவதில்லை. சங்குப்பூவைப் படமெடுத்தால் அது ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றும். பொன்போல் ஒளிரும் ஆவாரம்பூ கரிய திட்டாகிவிடும். 1907இல் லூமியர் சகோதரர்கள் சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கொண்டு வண்ணத்தகட்டை அறிமுகப்படுத்தினர். அதற்கும் நொடிக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. மெல்லிய காற்றும் படத்தைக் கலைத்துவிடும்.

இந்தியக் காட்டுப்பூக்களை இயற்கை வண்ண ஒளிப்படங்களாக நூலில் தந்த முன்னோடிகளுள் வன அலுவலர் பி. ஓ. கவென்ட்ரி குறிப்பிடத்தக்கவர். அவருடைய காஷ்மீரக் காட்டுப்பூக்கள் நூல்வரிசை 1923 முதல் 1930 வரை மூன்று பகுதிகளாக வந்தது. 1931இல் மலையேறி பிராங்க் ஸ்மைத் கடுவால் இமயத்தில் வழிதவறி ஒரு பூம்பள்ளத்தாக்கை அடைந்தார். 1938இல் அவர் எழுதிய நூல் அதனை உலகறியச் செய்தது. 1982இல் தேசியப் பூங்காவான அப்பள்ளத்தாக்கு இன்று உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று.

இவை பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், காட்டுப்பூ என்றால் பனிமலை, பள்ளத்தாக்கு, நெடும்பயணம் என்ற எண்ணம் கற்றவர் மனத்தில் ஊன்றியதற்கும் இவையே காரணம். பூவைக் காண ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது புதிய வழக்கம். பூல் தேயிக் குழந்தையும் இட்டி அச்சுதனும் அவ்வாறு எண்ணியவர்கள் அல்லர்.

ஊருக்குள்ளேயே தேடிய மரபு ஆரவாரமின்றித் தொடர்ந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1929இல் பி. வி. மயூரநாதனின், சென்னை நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல் வந்தது. 1963இல் ஜே. கே. மகேஸ்வரியின் தில்லித் தாவரவளம் வெளியானது. வெற்றுமனைகளும் வாய்க்கால் கரைகளும் கோட்டைச் சுவர்களுமே இத்தகைய நூல்களின் களம். நகரம் விரிந்து அக்களம் சுருங்கிய இந்நாளில், ஒரு காலத்தில் தெருவில் எவை பூத்தன என்பதற்கு இவை ஆவணங்கள். 2000ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட ஐசக் கெஹிம்கரின் வண்ணப்பட நூல், தன் தலைப்பிலேயே 'பரவலாகக் காணும்' காட்டுப்பூக்கள் என்று அறிவித்துக்கொண்டது. கேமரா மீண்டும் தெருவுக்கு வந்ததன் அடையாளம் அது.

படம் எப்போது சான்றாகிறது?

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு மாணவரின் கையிலும் கேமரா உள்ளது. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், இந்திய பல்லுயிர்த் தளம் போன்றவை அப்படங்களைத் திரட்டி அறிவாக்கும் வாய்ப்பையும் தந்துள்ளன. படத்துக்குப் பஞ்சமில்லாத இக்காலத்தில், எந்தப் படம் நூறாண்டுக்குப் பிறகும் பேசும் என்பதே வினா.

அழகிய பூப்படம் பெரும்பாலும் பூவின் முகத்தை மட்டும் காட்டுகிறது, பின்னணி மங்கிவிடுகிறது. காட்சிக்கு அது போதும், அடையாளத்துக்குப் போதாது. தும்பை இனங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய உதவுவது வெள்ளை உதடன்று, அதன் கீழிருக்கும் புல்லிக்குழலின் வாயமைப்பும் பற்களும். நிலத்துத்தியையும் அதன் உறவினங்களையும் மஞ்சள் பூவைக் கொண்டு பிரிப்பது கடினம். இலை வடிவமும் கனித்துண்டுகளும் வேண்டும். ஆகவே முழுச்செடி, இலையடுக்கு, பூவின் முன்புறம், பின்புறம், காய் என ஐந்து படங்களேனும் ஒரு செடிக்குத் தேவை. ரங்கையாவும் கோவிந்துவும் ஒரே தாளில் செய்ததை, கேமரா வைத்திருப்பவர் ஐந்து படங்களில் செய்ய வேண்டியிருக்கிறது. அளவுக்காகப் பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ இருந்தால் நன்று.

வண்ணத்தையும் முழுமையாக நம்பலாகாது. படச்சுருள் காலத்தில் சில நீலப்பூக்கள் படத்தில் இளஞ்சிவப்பாக விழுந்தன. கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு நீண்ட செவ்வொளியை அவை எதிரொளிப்பதும், படச்சுருள் அதனை உணர்ந்துவிடுவதுமே காரணம். இந்தியச் சாலையோரங்களிலும் மிகுதியாகக் காணும் ஏஜெரேட்டம் என்னும் அமெரிக்கச் செடியின் பெயராலேயே இது 'ஏஜெரேட்டம் விளைவு' எனப்பட்டது. கண்ணால் கண்ட நிறத்தை அங்கேயே சொல்லால் குறித்துவைக்கும் பழைய வழக்கம் அதனால்தான் இன்னும் பொருளுடையது.

நேரமும் ஒரு தரவு. விஷ்ணுகிரந்தியின் நீலப்பூ காலையில் விரிந்து பிற்பகலுக்குள் சுருங்கிவிடும். பருப்புக்கீரையின் மஞ்சள்பூ வெயிலேறிய பிறகு சில மணி நேரமே திறந்திருக்கும். அந்திமந்தாரை மாலையில்தான் மலரும். ஒரே தெருவில் காலை எட்டு மணிக்கு நடப்பவரும் மாலை ஐந்து மணிக்கு நடப்பவரும் காண்பது வெவ்வேறு பூந்தோட்டங்கள். கேமராவுக்கு எட்டாத பூக்களும் உண்டு. கானாவாழை நிலத்துக்கு மேலே நீலப்பூ பூப்பதோடு, மண்ணுக்குள்ளும் திறவாத பூக்களை உண்டாக்கித் தானே கருவுற்று விதை ஈனுகிறது. படம் ஒரு செடியின் முழு வரலாறு ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. உலர்தாவரத் தாளும் ஓவியமும் விவரணையும் படத்தால் வழக்கொழிந்தவை அல்ல. நான்கும் ஒன்றையொன்று நிரப்புபவை.

இவையனைத்திலும் முதன்மையானவை நாளும் இடமும். தேதியும் இடமும் இல்லாத படம் வெறும் காட்சி. அவை சேர்ந்தால் அதே படம் ஆவணம். ராவ் 'பூனா, 1955' என்று குறித்ததனால்தான் பார்த்தீனியத்தின் பரவலை ஆண்டுவாரியாகப் பின்தொடர முடிந்தது. இன்று புல்வெளிகளில் தரையோடு படர்ந்து வட்ட இலைகளுடன் வெண்ணிறமாய்ப் பூக்கும் ஒரு செடியைப் பலர் பார்த்திருப்பர். அது விஷ்ணுகிரந்தியின் பேரினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு வளாகத்தில் அது எப்போது நுழைந்தது, நீலப்பூ பூக்கும் உள்ளூர் உறவினம் அங்கு இன்னும் இருக்கிறதா என்பதை எந்தப் பெருநூலும் சொல்லாது. அவ்வளாகத்தில் நடந்த ஒருவர் தேதியிட்டு வைத்த படம் சொல்லும்.

சொன்னவர் பெயர்

மேற்கண்ட வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்ந்த ஒரு பிழை உண்டு. செடிக்குப் பெயர் வைக்கப்பட்டது. சேகரித்தவர் பெயர் பொறிக்கப்பட்டது. நூலுக்குப் பொருள் தந்தவரின் பெயர் முகப்பேறியது. செடியை அறிந்து காட்டியவரும் வரைந்தவரும் பெரும்பாலும் பெயரற்றவர்களாயினர். இட்டி அச்சுதனின் சான்றுரை அச்சேறியதும் கோவிந்துவின் பெயர் ஒரு பேரினத்துக்குச் சூட்டப்பட்டதும் விதிவிலக்குகளாக நினைக்கப்படுவதே அப்பிழையின் அளவைக் காட்டுகிறது.

அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இன்றைய மாணவருக்கு உண்டு. அதற்கு ஆய்வுநிதி தேவையில்லை. வளாகத்தைப் பெருக்கும் பணியாளர், ஆடு மேய்ப்பவர், கீரை விற்பவர், விடுதிச் சமையலறையில் பணியாற்றும் மூதாட்டி ஆகியோர் ஒரு பூண்டுக்குச் சொல்லும் பெயர் பெரும்பாலும் எந்த அகராதியிலும் இராது. ஒரே செடிக்கு இரு ஊர்களில் இரு பெயர். இரு செடிகளுக்கு ஓர் ஊரில் ஒரே பெயர். மொழியியலாளருக்கும் மானிடவியலாளருக்கும் மருந்தியலாளருக்கும் அதுவே முதன்மைத் தரவு. படத்தோடு அறிவியற்பெயரைச் சேர்ப்பது நன்று. ஊர்ப்பெயரையும், சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் சேர்ப்பது நீதி.

இந்தியாவில் பூக்கும் தாவர இனங்கள் ஏறத்தாழ 18,000. அவற்றை முழுமையாக அறிவது ஒருவர் வாழ்நாளில் இயலாது. ஒரு வளாகத்திலோ தெருவிலோ ஓராண்டில் பூக்கும் பூண்டுகளை அறிவது, கிளெகார்னின் கால்மணி நேரத்தை நாள்தோறும் ஒதுக்கக்கூடிய எவருக்கும் இயலும். வேருடன் பிடுங்க வேண்டியதில்லை. குனிந்து பார்த்தால் போதும். மழைக்குப் பிந்திய இரண்டு மாதங்களும் அறுவடைக்குப் பிந்திய தரிசுக்காலமும் அதற்கு ஏற்ற பருவங்கள். பட்டமளிப்பு விழாவுக்கென்று வளாகம் செதுக்கப்படுவதற்கு முந்தைய வாரம், தவறவிடக்கூடாத வாரம். செதுக்கப்பட்டவை மறு மழையில் மீண்டும் முளைக்கலாம். அவற்றின் இடத்தில் வேறொன்று முளைக்கவும் கூடும். எது முளைத்தது என்பதை அறிய, முன்பு எது இருந்தது என்று யாரேனும் குறித்து வைத்திருக்க வேண்டும்.